ஐந்து நட்சத்திர பக்கெட்

சென்னையில் சொந்தக்காரர்கள் இருந்தால் இரண்டு கஷ்டம். அவர்கள் வீட்டில் தங்கினால் அவர்களுக்குக் கஷ்டம். தங்காவிட்டால், 'ஏம்ப்பா வரலை?' என்ற கேள்விக்குப் பதில் சொல்ல நமக்குக் கஷ்டம். போன மாதம் நண்பன் கல்யாணத்துக்குத் திருச்சியிலிருந்து கிளம்பியபோது, மாம்பலம் சித்தப்பாவுக்குத் தெரியாமல் ஒரு ராத்திரியை ஒப்பேற்றிவிட்டு வருவது என்று முடிவெடுத்தேன். (சித்தப்பா இந்தப் பத்திரிகை படிப்பதில்லை. யாரும் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள்!)

"ரூம் ரெண்டாயிரம் கேக்கறான்" என்றேன்.

மனைவி போனைத் தடவினாள். "ஏங்க, எக்மோர் ஸ்டேஷன் பக்கத்துலயே ஒரு ஹாஸ்டல் இருக்கு. ரூம் கிடையாது, பெட்டுக்குத்தான் வாடகை. 499 ரூபா. 4.3 ஸ்டார் போட்டிருக்காங்க."

படங்களைக் காட்டினாள். சுவர் பூராவும் உலக வரைபடம், மூலையில் கிடார், மூட்டை மாதிரி ஒரு சோபாவில் புதைந்தபடி சிரிக்கிற வெள்ளைக்காரப் பெண். கிடார் வாசிக்கத் தெரியாவிட்டாலும், அதற்குப் பக்கத்தில் தூங்குவதில் ஒரு கௌரவம் இருக்கத்தானே செய்கிறது? பணத்தைக் கட்டினோம்.

எழும்பூரில் இறங்கிப் போனால், உலக வரைபடம் இருந்தது. ஆப்பிரிக்கா வரைக்கும் ஈரம் ஊறியிருந்தது. கிடாரும் இருந்தது, கம்பிகள்தான் இல்லை. வெள்ளைக்காரப் பெண்ணைப் பற்றி நான் விசாரிக்கவில்லை. கூடப் பிறந்த சங்கோஜம்.

ரிசப்ஷனில் இருபத்திரண்டு வயசுப் பையன் ஒருவன். மேனேஜர், ரூம் பாய், வாட்ச்மேன் மூன்றும் அவனே. பில்லை நீட்டினான்.

நான் பி.காம். அந்தப் படிப்பால் கிடைத்த ஒரே லாபம், எந்த பில்லையும் கூட்டிப் பார்க்காமல் பணம் தர முடியாது என்கிற வியாதி. படுக்கை 499. கீழ் பெர்த் என்பதால் கூடுதலாக 100. அதற்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம், 29 ரூபாய் 95 காசு. ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த அறைகளுக்கெல்லாம் ஜி.எஸ்.டி. வந்தது 2022 ஜூலை 18-ல். அப்போது 12 சதவிகிதம். 2025 செப்டம்பர் 22-ல் அதை 5 ஆக இறக்கினார்கள். அரசாங்கம் குறைத்ததை ஹாஸ்டல்காரர் துண்டுக்கு 40, பூட்டுக்கு 30 என்று ஈடுகட்டிவிட்டார். (இந்த எழுபதுக்கு வரியும் இல்லை, ரசீதும் இல்லை.) ஆக மொத்தம் 698 ரூபாய் 95 காசு. 699 கொடுத்தேன். ஐந்து காசை நான் திருப்பிக் கேட்கவில்லை என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

அறையில் எட்டுப் படுக்கை, கட்டில் மேல் கட்டிலாக. இந்த மாதிரி விடுதிக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவர் ரிச்சர்ட் ஷிர்மன் என்கிற ஜெர்மன் பள்ளிக்கூட வாத்தியார். 1909-ல் மாணவர்களோடு நடைப்பயணம் போனபோது மழையில் மாட்டிக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடத்தில் ராத்திரியைக் கழித்தார். பையன்கள் தங்க ஊருக்கு ஊர் ஓர் இடம் இருந்தால் என்ன என்று அப்போது தோன்றியதாம். 1912-ல் ஆல்ட்டெனா என்ற ஊரின் பழைய கோட்டையில் விடுதியைத் திறந்துவிட்டார். பையன்களுக்கு ஏணி ஏறுவது விளையாட்டு.

எழும்பூரில் ஏறுகிறவர்கள் வேறு. 1819-ல் ஆரம்பித்த கண் ஆஸ்பத்திரி இங்கேதான் இருக்கிறது. குழந்தைகள் ஆஸ்பத்திரியும் இங்கேதான். என் அறையில் கிடார் கோஷ்டி ஒருவர்கூட இல்லை. பரீட்சை எழுத வந்த இரண்டு பேர், விசா இண்டர்வியூவுக்கு வந்த ஒருவர், மருந்து கம்பெனிப் பிரதிநிதி ஒருவர்... அப்புறம் ஏ.சி.க்கு நேர் கீழே, ஐந்தாம் நம்பர் மேல் பெர்த்தில், அறுபத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஒரு பெரியவர். வேட்டியை மடித்துக் கட்டி, முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறினார். எனக்குப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் நூறு ரூபாய் கூடக் கொடுத்து வாங்கிய கீழ் பெர்த். திரையை இழுத்து மூடிக்கொண்டேன். அந்தத் திரை முழங்கால் வரைதான் வந்தது என்பது வேறு விஷயம்.

ராத்திரி பூராவும் 'டொக்... டொக்...' என்று ஒரு சத்தம். யாரோ தட்டச்சு பழகுகிறார்கள் என்று நினைத்துத் தூங்கிப் போனேன்.

ஆறு மணிக்கு முகூர்த்தம். நாலே முக்காலுக்கு எழுந்து குளிக்கப் போனால் குழாயில் தண்ணீர் வருகிறது, பக்கெட்டைக் காணோம். நாற்காலி மூன்றைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருந்த பையனை எழுப்பினேன்.

"பக்கெட்டா சார்? அஞ்சாம் நம்பர் மேல் பெட்ல இருக்கும், எடுத்துக்குங்க."

படுக்கையில் பக்கெட்டுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றவில்லை. தூக்கக் கலக்கம். பெரியவர் டீ குடிக்கப் போயிருந்தார். எட்டி எடுத்தேன், கால்வாசித் தண்ணீர் இருந்தது. கொட்டிவிட்டுக் குளித்துவிட்டு வந்தேன்.

வந்து பார்த்தால், பெரியவர் ஏணியில் நின்றபடி ஒரு மஞ்சப் பையைப் பிழிந்துகொண்டிருந்தார்.

அப்போதுதான் விளங்கியது. ஏ.சி. ஒழுகல். படுக்கையின் கால்மாட்டில் பக்கெட்டை வைத்து, அதற்குப் பக்கத்தில் கால்களை மடக்கிக்கொண்டு ராத்திரி முழுக்கப் படுத்திருக்கிறார் மனிதர். நான் பக்கெட்டைத் தூக்கிய கால் மணி நேரத்தில், ஒழுகல் அத்தனையும் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் இருந்த பையில்.

"ஐயா, நான்தான் பக்கெட்டை..."

"தெரியாமத்தானே எடுத்தீங்க தம்பி? விடுங்க. சீட்டு ஒண்ணுதான் நனைஞ்சிருக்கு, எழுத்து தெரியுது."

ஜெயங்கொண்டம் பக்கம். மனைவிக்குக் கண் ஆபரேஷன். வார்டில் துணைக்கு மகள் இருக்கிறாள். இவருக்கு இன்னும் இரண்டு ராத்திரி இங்கேதான்.

"இந்த இடம் எப்படிய்யா கிடைச்சுது?"

"திருப்பூர்ல பையன் இருக்கான். அவன்தான் போன்ல போட்டான். நிறைய நட்சத்திரம் போட்டிருக்காம்ல?"

நேராக ரிசப்ஷனுக்குப் போனேன். ராத்திரி முழுக்க மனசுக்குள் தயாரித்திருந்த ஆங்கிலத்தில் வெடிக்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள், பையன் போனை நீட்டினான்.

"சார், காலி பண்றீங்கள்ல? ஒரு அஞ்சு ஸ்டார் போட்டுட்டுப் போங்க சார். நாலுக்குக் கீழ போனா ஓனர் என் சம்பளத்துல பிடிப்பாரு."

4.3 எப்படி வந்தது என்ற ரகசியம் அந்த நிமிஷத்தில் எனக்குப் புரிந்தது. என்னை மாதிரி எத்தனை பேர் இந்த மூன்று நாற்காலியைப் பார்த்துவிட்டு விரலை அழுத்தியிருப்பார்கள்!

"தம்பி, அஞ்சு போடறேன். என் கீழ் பெர்த்தை அந்தப் பெரியவருக்குக் கொடு. ரெண்டு நாளும். அந்த நூறு ரூபா கேக்கக் கூடாது."

தலையைச் சொறிந்தான். "ஓனர் கேட்டா?"

"ஏ.சி. ஒழுகுதுன்னு சொல்லு. உண்மைதானே?"

சிரித்துவிட்டான். பெரியவரின் போர்வையை அவனே கீழே இறக்கினான். நான் ஐந்து நட்சத்திரத்தையும் அழுத்தினேன். முகூர்த்தத்துக்கு ஓடினேன். தாலி கட்டி முடித்திருந்தார்கள்.

திரும்பும் ரயிலில்தான் உறுத்த ஆரம்பித்தது. கணக்குப் படித்தவனுக்குத் தெரியும், வரவு என்று ஒன்று எழுதினால் எங்கேயோ ஒரு பற்று எழுதியாக வேண்டும். பெரியவருக்குக் கீழ் பெர்த் வரவு. பற்று யார் தலையில்? என் நட்சத்திரத்தைப் பார்த்து, எங்கோ ஓர் ஊரில் ஒரு மகன் தன் அப்பாவுக்கு அடுத்த வாரம் பணம் கட்டுவானே, அவன் தலையில்.

கணக்கில் தப்பு வந்தால் திருத்தப் பதிவு என்று ஒன்று உண்டு. இது அது. மலிவு விடுதி எடுக்கும்போது நட்சத்திரத்தை எண்ணாதீர்கள். ஒரு நட்சத்திரம் போட்டவன் என்ன திட்டியிருக்கிறான் என்று படியுங்கள். வயசானவர்களுக்கு என்றால் போன் போட்டு, 'கீழ் பெர்த் உண்டா, ஏ.சி. ஒழுகுமா?' என்று கேளுங்கள். ரயில் டிக்கெட் கையில் இருந்தால், பி.என்.ஆர். நம்பரைக் கொடுத்து ஸ்டேஷன் ஓய்வறை கிடைக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள். "எப்படிங்க இருந்தது?"

"அஞ்சு ஸ்டார்" என்றேன்.

"பாத்தீங்களா, நான் சொன்னேன்ல? அடுத்த மாசம் எங்க அப்பா மெட்ராஸ் போறாராம், அங்கேயே போட்டுடலாம்."

திருத்தப் பதிவை வீட்டிலிருந்தே ஆரம்பிக்க வேண்டியிருந்தது.