உழவன் கையினின்று நழுவும் விதை

புதிய சொல்லொன்று புகுத்தப்படுமாயின், அதன் பின்னே புதிய ஆட்சியொன்றும் புகுகின்றது என்பதை அறிவுடையார் அறிவர். 1955-ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஆர்வார்டுப் பல்கலைக்கழக வணிகப் பள்ளியைச் சார்ந்த சான் தேவிசு என்பார் ‘அக்ரிபிசினசு’ என்னும் சொல்லை வழக்கிற்குக் கொணர்ந்தார். 1957-இல் இரே கோல்டுபெர்க்கு என்பாரோடு சேர்ந்து அதற்கொரு நூலும் செய்தார். அச்சொல் இன்று ‘வேளாண் வணிகம்’ எனப் பெயர்க்கப்பட்டுக் கல்லூரிகளில் பாடமாகவும் நிற்கின்றது. பெயர் தமிழானமையாலேயே பொருளும் தமிழர்க்குரியது ஆகிவிடாது.

அவ்விருவரும் வகுத்த பொருள் யாது? விதை, உரம், பூச்சிக்கொல்லி, பொறி ஆகியவற்றைச் செய்து விற்றல் முன்னது. நிலத்தில் விளைவித்தல் நடுவது. விளைந்ததைச் சேமித்துப் பதப்படுத்தி விற்றல் பின்னது. இம்மூன்றும் கோத்த ஒரே தொடரே வேளாண் வணிகம். கேட்பதற்கு ஒழுங்கான பகுப்புத்தான். ஆனால் அத்தொடரில் உழவன் நிற்கும் இடத்தைக் காண்க. அவன் நடுவில் நிற்கின்றான். அவன் வாங்கும் பொருளுக்கு முன்னே நிற்பவன் விலை வைக்கின்றான். அவன் விற்கும் பொருளுக்குப் பின்னே நிற்பவன் விலை வைக்கின்றான். மழை பொய்த்தலும் புழு தின்னலும் கடன் பெருகலும் மட்டுமே நடுவில் நிற்பானுக்கு உரியன!

உழவின் வரலாறோ பத்தாயிரம் ஆண்டு கடந்தது. மேலை ஆசியாவில் கோதுமையும், சீனத்தின் யாங்சி ஆற்றுப் படுகையில் நெல்லும், மெக்சிக்கோவில் மக்காச்சோளமும், ஆப்பிரிக்காவில் சோளமும் காட்டுப்புல்லாய் இருந்து மாந்தன் கைபட்டுப் பயிராயின. அவற்றை ஆக்கியவர் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. நல்ல கதிரைத் தெரிந்தெடுத்து அடுத்த பருவத்திற்கென ஒதுக்கி வைத்த எண்ணற்ற பெண்டிரும் ஆடவருமே அவற்றை ஆக்கினர். எவரும் அதற்கு உரிமைத்தொகை கேட்டாரல்லர்.

தமிழன் அவ்வரலாற்றில் பிந்தியவன் அல்லன். தண்பொருநைக் கரையையடுத்த சிவகளையில், முதுமக்கள் தாழியொன்றினுள் கிடைத்த நெல்லுமியின் காலம் கி.மு. 1155 என ஆய்ந்து 2021-இல் அறிவிக்கப்பட்டது. மூவாயிரம் ஆண்டுகட்கு முன்னரே இறந்தாரோடும் நெல்லை இட்டுப் புதைத்த இனம் இது. பசியால் வாடினும் விதைநெல்லைக் குற்றியுண்ணல் பழியென்று அஞ்சிய இனம் இது. வைக்கோற்புரியால் கோட்டை கட்டிச் சாணியால் மெழுகி, விதையை அடுத்த பருவம்வரை காத்தனர் முன்னோர். அவ்விதைக்கோட்டை வீட்டிலிருந்தவரை, எவனிடமும் கையேந்தாமல் உழவன் ஏர்பூட்டினான்.

அவ்விதைகளின் பெயர்களே ஓர் உழவுநூல். வெள்ளத்திலும் நின்று, யானையையும் மறைக்குமளவு உயர்வது காட்டுயானம். திருமறைக்காட்டுப் பகுதியின் உவர்நிலத்திலும் விளைவது குடவாழை. குறுகிய நாளில் கதிர்முற்றுவது பூங்கார். மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, சீரகச் சம்பா, கருப்புக் கவுனி என ஒவ்வொரு பெயரிலும் மண்ணும் நீரும் நாவும் பேசின. இன்றைய விதைப்பையில் இருப்பவை யாவை? அயல்மொழி எழுத்தும், அதையடுத்து ஓர் எண்ணும். விதை போனபோது சொல்லும் உடன்போயிற்று.

விதை எவ்வாறு உழவன் கையினின்று நழுவிற்று? இரண்டு பூட்டுகள் இடப்பட்டன. முதற்பூட்டு ஒட்டுவிதை. 1926-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் என்றி வாலசு என்பார் ஒட்டு மக்காச்சோள விதைக்கெனக் குழுமம் கண்டார். இருவேறு வகைகளை ஒட்டிப் பிறக்கும் முதல் தலைமுறை செழித்து விளையும். அவ்விளைச்சலை மீண்டும் விதைத்தாலோ பயிர் ஒருசீராய் வாராது, விளைவும் குன்றும். ஆகவே உழவன் ஆண்டுதோறும் கடைவாயிலில் நின்றாக வேண்டும். சட்டம் வேண்டாமலே பூட்டிய பூட்டு இது.

இரண்டாம் பூட்டு சட்டம். உயிருள்ள நுண்ணுயிரிக்கும் காப்புரிமை தரலாம் என 1980-இல் அமெரிக்க உச்ச முறைமன்றம் தீர்த்தது. 2013-இல் அதே மன்றம், கூலக் கிடங்கில் வாங்கிய சோயாமொச்சையை விதைத்து, அதில் விளைந்ததையும் மீண்டும் விதைத்த இந்தியானா மாநிலத்து முதிய உழவர் ஒருவரை, மான்சாண்டோ குழுமத்தின் காப்புரிமையை மீறியவர் என்றது. விதைத்து விளைந்ததை மறுபடி விதைத்தல் குற்றமாம்! பத்தாயிரம் ஆண்டு உழவறம் ஒரே தீர்ப்பில் களவாயிற்று. பின்னர் 2018-இல் அம்மான்சாண்டோவைச் செருமனியின் பேயர் குழுமம் விழுங்கியது. அதற்கு முந்தைய ஆண்டில் சிஞ்செண்டாவைச் சீன அரசின் வேதிக்குழுமம் வாங்கியது. விதையை விற்பவனே பூச்சிக்கொல்லியும் விற்கின்றான்.

இந்தியாவில் பருத்தி அப்பாடத்தைக் கற்பித்தது. 2002-இல் மரபீனி மாற்றிய பருத்திக்கு ஒப்புதல் தரப்பட்டது. அது ஒட்டுவிதையாகவே பரப்பப்பட்டமையின் முதற்பூட்டு இங்கும் விழுந்தது. இளஞ்சிவப்புக் காய்ப்புழு அதனை வென்றுவிட்டது என 2010-இல் விற்றவர்களே ஒப்புக்கொண்டனர். அதற்குள் கரிசல் மண்ணுக்கென்றே அமைந்த கருங்கண்ணியும் உப்பமும் அரிதாகிவிட்டன.

“பழைய விதையால் பசி தீருமா?” என வினவுவர் சிலர். வினா முறையானதே. அறுபதுகளில் நாடு அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்நோக்கி நின்றது மெய். 1966-இல் பிலிப்பைன்சின் அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட ஐ.ஆர். 8 நெல் விளைச்சலைப் பெருக்கியதும் மெய். ஆனால் ஒன்றை மறைக்கின்றனர். அந்நெல் தன்பூந்தாதால் தானே கருவுறுவது. அதன் விளைச்சலை உழவன் மறுபடி விதைக்க முடிந்தது. எவரும் அவன்மேல் வழக்குத் தொடுக்கவில்லை. அது வேதியுரத்திற்கு அவனை அடிமையாக்கிற்று. மரபு நெல்லையும் ஓரந்தள்ளிற்று. எனினும் விதையைப் பறிக்கவில்லை. ஆகவே, பசியைக் காட்டி விதைப்பூட்டை ஞாயப்படுத்துதல் பொருந்தாது. ஆராய்ச்சி வேண்டா என்பாரில்லை. ஆராய்ச்சியின் பயன் யார் கையில் என்பதே வினா.

கைவிட்டால் வருவது யாதெனப் பல்லடம் வட்டாரத்தில் கண்டுகொள்ளலாம். அங்கே ஒப்பந்தக் கறிக்கோழி வளர்ப்பில், குஞ்சு குழுமத்தினது. தீவனமும் மருந்தும் குழுமத்தினவே. கொட்டகையும் மின்கட்டணமும் உழைப்பும் மட்டும் உழவனுடையவை. வளர்ந்த கோழியை எடுத்துச் செல்வோர் அவனுக்குத் தருவதன் பெயர் விலையன்று; வளர்ப்புக் கூலி! சொந்த மண்ணில், சொந்தக் கொட்டகையில், அவன் கூலியாள். விதையும் முற்றாகப் போனால் நெல்வயலிலும் இதுவே நிகழும்.

ஆயினும் வழி அடைபடவில்லை. 2001-ஆம் ஆண்டின் பயிர்வகைக் காப்பும் உழவர் உரிமையும் பற்றிய இந்தியச் சட்டம், 39-ஆம் பிரிவில், பதிவுபெற்ற வகையின் விதையையும் சேமிக்கவும் விதைக்கவும் மாற்றிக்கொள்ளவும் விற்கவும் உழவனுக்கு உரிமை தருகின்றது. வணிகப் பெயரிட்டு விற்றல் மட்டுமே கூடாது. 2019-இல் பெப்சிக்கோ குழுமம் குசராத்து உருளைக்கிழங்கு உழவர் நால்வரிடம் தலைக்கு ஒருகோடி உருபாவுக்கு மேல் கேட்டு வழக்குத் தொடுத்தது. உழவர் அமைப்புகள் அப்பிரிவைக் காட்டி ஒன்றுபட்டு எழுந்தன. அடுத்த திங்களே குழுமம் வழக்கைத் திரும்பப் பெற்றது. சட்டத்தை அறிந்தவன் முன் கோடிப்பொருளும் பின்வாங்கும்.

தமிழகத்திலும் அவ்வுணர்வு உயிரோடுள்ளது. 2013-இல் மறைந்த கோ. நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து அதனை விதைத்தார். 2018-இல் மறைந்த ‘நெல்’ செயராமன், நூற்றெழுபதை ஒட்டிய மரபு நெல்வகைகளைத் தேடித் திரட்டித் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் திருவிழா நடத்தினார். அங்கு விதைபெற்றவர் திருப்பித் தரவேண்டியது பணமன்று, இருமடங்கு விதை! வட்டியும் விதையாகவே வரும் இவ்வறத்தை எந்த வணிகப் பள்ளி கற்பிக்கும்?

அயற்சொல் புகுந்து தமிழ்ச்சொல் மறைவதைக் கண்டு கொதிப்போர், அயல்விதை புகுந்து தமிழ்விதை மறைவதைக் கண்டும் கொதித்தல் வேண்டும். சொல்லைப் பேசாவிடின் அது சாகும். விதையை விதைக்காவிடின் அதுவும் சாகும். அருங்காட்சியகத்தில் இரண்டும் வாழா. ஆகவே ஒவ்வோர் ஊரிலும் ஒரு விதைக்கோட்டை எழுக! ஒவ்வொரு வயலிலும் ஒரு பாத்தியேனும் மரபுவிதை காண்க! விதையை இழந்த உழவன் கூலியாள். உழவனை இழந்த இனம் இரவலர் கூட்டம். தமிழினம் இரந்துண்ணப் பிறந்ததன்று.