பணம் நேராக நிலையத்துக்கே போகட்டும்

2025-இல் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவி அமைப்பான யுஎஸ்எய்டை இழுத்து மூடியது. தேசிய வருமானத்தில் 0.5 சதவீதமாக இருந்த வெளிநாட்டு உதவியை 2027-க்குள் 0.3 சதவீதமாகக் குறைக்கப்போவதாக பிரிட்டன் அறிவித்தது. ஆப்பிரிக்காவின் ஏழை நாடுகளில் கிராமத்துச் சுகாதார நிலையங்கள் பல இத்தகைய பணத்தை நம்பித்தான் இயங்கின. மிஞ்சியிருக்கும் காசை எப்படிக் கொடுப்பது என்பது இன்று அவசரக் கேள்வி. இருபது ஆண்டுகளாக இதற்கு உதவி தருவோர் விரும்பிச் சொன்ன விடை ஒன்று உண்டு: வேலையைக் காட்டுங்கள், பணத்தைத் தருகிறோம். பிரசவம் ஒன்றுக்கு இவ்வளவு, கர்ப்பகாலப் பரிசோதனைக்கு இவ்வளவு என்று விலைப்பட்டியல் போட்டு, பதிவேட்டைச் சரிபார்த்து, மாதத்துக்கோ காலாண்டுக்கோ ஒருமுறை நிலையத்துக்குப் பணம் கொடுப்பார்கள். செயல்திறன் அடிப்படையிலான நிதி என்று இதற்குப் பெயர். நார்வே, பிரிட்டன் பணத்தைக் கொண்டு 2007-இல் உலக வங்கி இதற்கென்றே ஒரு நிதியம் தொடங்கியது. இந்த முறையில் காப்பாற்ற வேண்டிய பாதி ஒன்று இருக்கிறது. விலைப்பட்டியல் அந்தப் பாதியில் சேராது.

முறையின் ஆதரவாளர்கள் முதலில் காட்டுவது ருவாண்டாவை. காட்டவேண்டியதுதான். 166 சுகாதார நிலையங்களில் நடந்த ஆய்வின் முடிவுகள் 2011-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தன. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட நிலையங்களுக்கும் அதே அளவு பணம், நிபந்தனை இல்லாமல், கொடுக்கப்பட்டது; ஆகவே தெரிந்த வேறுபாடு பணத்தால் வந்ததல்ல, நிபந்தனையால் வந்தது. நிலையங்களில் நடந்த பிரசவங்கள் 23 சதவீதம் கூடின. சிறு குழந்தைகளை நோய்த்தடுப்புப் பரிசோதனைக்குக் கொண்டுவருவதும் வெகுவாகக் கூடியது. ஆனால் நான்கு கர்ப்பகாலப் பரிசோதனைகளையும் முடித்த பெண்களின் எண்ணிக்கை கூடவில்லை. எல்லாத் தடுப்பூசியும் போட்டுக்கொண்ட குழந்தைகளின் எண்ணிக்கையும் கூடவில்லை. விலைப்பட்டியலில் ஒரு பிரசவத்துக்கு 4.59 டாலர், நான்கு பரிசோதனைகளை முடித்த பெண்ணுக்கு வெறும் 37 சென்ட். உழைப்பு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல ஆய்வாளர் தேவையில்லை. தவிர, ருவாண்டாவில் அதே ஆண்டுகளில் ஊர்தோறும் மருத்துவக் காப்பீடு பரவியது; மாவட்ட மேயர்கள் குடியரசுத் தலைவரோடு இலக்கு ஒப்பந்தம் போட்டார்கள். பதிவேட்டைச் சரிபார்க்கவும் பணத்தை நேரத்துக்கு அனுப்பவும் வல்ல அரசு அங்கே இருந்தது. அதைப் பெட்டியில் வைத்துப் பக்கத்து நாட்டுக்கு அனுப்ப முடியாது.

பக்கத்து நாட்டில் என்ன நடந்தது என்பதும் தெரிந்ததே. காங்கோ ஜனநாயகக் குடியரசின் கடங்கா பகுதியில் நடந்த சோதனையில், ஊக்கத்தொகை பெற்ற நிலையங்களின் ஊழியர்கள் கட்டணத்தைக் குறைத்தார்கள், மக்களை வரவழைக்கக் கூடுதலாகவும் உழைத்தார்கள். நிலையான தொகை பெற்ற நிலையங்களைவிட அதிக மக்கள் அங்கே வரவில்லை. திட்டம் முடிந்ததும் ஊழியர்களின் ஊக்கம் குறைந்தது. நைஜீரியாவில் கிடைத்த பாடம் இன்னும் தெளிவானது. அங்கே சில உள்ளாட்சிப் பகுதிகளில் சேவைக்கு விலை வைத்துப் பணம் கொடுத்தார்கள். மற்றவற்றில் விலைப்பட்டியல் இல்லாமல், ஏறத்தாழ பாதித் தொகையை நிலையங்களுக்கே நேராகக் கொடுத்து, செலவை முடிவு செய்யும் உரிமையையும் மேற்பார்வையையும் சேர்த்தார்கள். பெரும்பாலான அளவீடுகளில் இரண்டும் ஒரே அளவு முன்னேறின. கேமரூன், ஜாம்பியா ஆய்வுகளும் இதற்கு அருகில்தான் வந்து நின்றன. இம்முறையை உலகெங்கும் எடுத்துச்சென்ற உலக வங்கியே 2022-இல் வெளியிட்ட அறிக்கையில், நேரடி நிதியளிப்பு குறைந்த செலவில் இதற்கு ஈடான பலனைத் தருகிறது என்று ஒப்புக்கொண்டது. நேர்மையான அறிக்கை, பாராட்டலாம்.

ஆக, பணம் கொடுத்த இடங்களில் பலன் வந்ததற்குக் காரணம் என்ன? மாவட்ட அலுவலகத்தைத் தாண்டி இறங்காத பணம் முதல்முறையாக செவிலியரின் கைக்கு எட்டியதுதான். கையுறை தீர்ந்தால் வாங்கலாம், ஒழுகும் கூரையை மாற்றலாம், பிரசவ அறைக்கு விளக்கு போடலாம். இதற்குக் கோரிக்கை மனு எழுதி ஆறு மாதம் காத்திருக்க வேண்டியதில்லை. காப்பாற்ற வேண்டிய பாதி இதுதான்.

கண்காணிக்காமல் கொடுத்தால் காசு கரைந்துபோகும் என்பார்கள். அந்த அச்சம் நியாயமானது; ஆனால் எண்ணிக்கைக்குப் பணம் கொடுப்பது அதற்கு மருந்தல்ல. கூடுதலாகத் தடுப்பூசி போட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் 20 டாலர் என்று சர்வதேசத் தடுப்பூசிக் கூட்டணியான கவி (Gavi) அறிவித்தபோது நாடுகள் 1.39 கோடிக் குழந்தைகளைக் கணக்குக் காட்டின. வீட்டுக்கு வீடு நடந்த கணக்கெடுப்புகளை வைத்து 2008-இல் லான்செட்டில் வெளியான ஆய்வு மதிப்பிட்டது ஏறத்தாழ 74 லட்சம். விலை வைத்ததும் பதிவேடு வீங்கியது. வீக்கத்தைக் கண்டுபிடிக்கச் சரிபார்ப்பாளர்கள், அவர்களுக்கு வண்டி, படி, அலுவலகம் என்று செலவு ஏறுகிறது. அந்தக் காசும் மருந்துக்கான காசுதான். உதவி தரும் நாடுகளின் வரி செலுத்துவோருக்குப் பலனைக் காட்ட வேண்டாமா என்ற கேள்விக்கும் பதில் உண்டு. குழந்தை இறப்பு குறைந்ததா, மருந்து இருப்பில் இருந்ததா என்பதை நாடு தழுவிய கணக்கெடுப்பிலும் திடீர்ச் சோதனையிலும் பார்க்கலாம். ஒவ்வொரு பிரசவத்துக்கும் ரசீது கேட்பதைவிட அது மலிவானது, நம்பகமானதும்கூட. ஊழியர் திறமையோடு இருந்தும் முனைப்புக் காட்டாத இடங்களில் ஊக்கத்தொகைக்கு ஓரளவு வேலை இருக்கலாம், மறுக்கவில்லை. மருந்தும் தண்ணீரும் மின்சாரமும் இல்லாத நிலையத்தில் குறை முனைப்பில் இல்லை.

தான்சானியா 2017-18 நிதியாண்டில் வழியைக் காட்டிவிட்டது. உதவி தருவோரின் கூட்டுநிதி அங்கே மாவட்ட மன்றத்தில் தேங்காமல் சுகாதார நிலையங்களின் வங்கிக் கணக்குக்கே போகிறது. எளிய கணக்கு மென்பொருள் ஒன்று உண்டு. செலவைப் பார்க்க ஊர்மக்களும் உட்காரும் குழு இருக்கிறது. அதில் குறைகளும் உண்டு. கணக்கர் இல்லாத நிலையங்களில் செவிலியரே வரவு செலவு எழுதவேண்டியிருக்கிறது. அதற்கு ஆள் போட வேண்டும். உலக வங்கி தன் அறிக்கையை மதித்து, புதிய கடன்களிலும் மானியங்களிலும் விலைப்பட்டியலைக் கைவிட வேண்டும். நிதியமைச்சர்கள் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு வங்கிக் கணக்கைத் திறந்து, ஆண்டுத் தொடக்கத்திலேயே தொகையை அறிவித்து, அதைத் தவணை தவறாமல் செலுத்த வேண்டும்.