முதலில் கூரை, பின்னர் கணப்பு

லடாக், காஷ்மீர், இமாசலப் பிரதேசம், உத்தராகண்டம் ஆகியவற்றின் உயர்ந்த பள்ளத்தாக்குகளில் வாழும் குடும்பங்கள், கோடை முடியுமுன்னரே குளிர்காலத்துக்குரிய எரிபொருளைச் சேர்க்கத் தொடங்கிவிடுகின்றன. லடாக்கில் உலர்ந்த சாணமும், வில்லோ, பாப்லர் மரங்களின் கிளைகளும் வீட்டின் தட்டைக் கூரைமேல் அடுக்கப்படுகின்றன. காஷ்மீரில் காங்ரி எனப்படும் கணப்புச் சட்டிக்கு வேண்டிய கரி சேமிக்கப்படுகிறது. இமாசலத்திலும் உத்தராகண்டத்திலும் பெண்கள் காட்டிலிருந்து விறகை முதுகில் சுமந்து வருகின்றனர். பனி வழிகளை அடைத்தபின் எரிபொருள் தீர்ந்துபோனால், வேறு எரிபொருள் எளிதில் கிட்டுவதில்லை.

விறகுக்கும் சாணத்துக்கும் பதிலாக மரத்தூள் பெல்லட்டை எரிக்கலாம் என்னும் யோசனை இப்போது பல இடங்களில் முன்வைக்கப்படுகிறது. மரத்தூளை உயர்ந்த அழுத்தத்தில் அச்சின் துளைகள் வழியே செலுத்திப் பெறப்படும் சிறு உருளையே பெல்லட் ஆகும். வீட்டு உபயோகத்துக்குரியதன் விட்டம் 6 அல்லது 8 மில்லிமீட்டர். மரத்திலுள்ள லிக்னின் என்னும் பொருள் சூட்டில் இளகித் துகள்களைப் பிணைத்துவிடுவதால், பெரும்பாலும் தனிப் பசை வேண்டுவதில்லை. நல்ல பெல்லட்டில் ஈரம் 10 சதவீதத்துக்கு மேற்படாது. ஒரு கிலோ ஏறத்தாழ 4.8 கிலோவாட் மணி வெப்பம் தரும். புதிதாக வெட்டிய விறகிலோ எடையில் பாதியளவு நீராக இருப்பதும் உண்டு. அந்நீரை ஆவியாக்குவதிலேயே வெப்பத்தின் ஒரு பகுதி வீணாகிறது. மேலும், கோடையில் காட்டுத்தீக்குக் காரணமாகும் சீர்ப்பைன் மரத்தின் சருகு ஊசிகளையும் பெல்லட்டாக்க இயலும். ஆதலின் பெல்லட்டின் சிறப்பை மறுப்பதற்கில்லை.

எனினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பெல்லட் தரும் வெப்பம் அறையில் எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதே அக்கேள்வி. அடுப்பையும் எரிபொருளையும் பற்றிய திட்டங்கள் பலவற்றில் இக்கேள்வி எழுப்பப்படுவதில்லை. வெப்பம் கசியும் வீட்டில் உயர்ந்த ரக அடுப்பை வைப்பது, ஓட்டைக் குடத்தில் தூய நீரை ஊற்றுவதற்கு ஒப்பாகும். குடத்தை முதலில் அடைக்க வேண்டும் என்பதே விவேகமான முறை.

வெப்பக் காப்பின் தத்துவம் எளிது. அசையாத காற்று வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்தும். ஆட்டு உரோமம், வைக்கோல், மரத்தூள், கனிமப் பஞ்சு ஆகியவை தமக்குள் காற்றைச் சிறு சிறு அறைகளாகச் சிறைப்பிடித்து வைப்பதாலேயே காப்புப் பொருள்களாகின்றன. கான்கிரீட்டும் தகரமும் இவ்வாறு செய்வதில்லை. முன்னோர் இத்தத்துவத்தை அனுபவத்தால் அறிந்திருந்தனர். லடாக்கில் மரக்கிளைகளின்மேல் புல்லும் மண்ணும் பரப்பிய கூரையும், இமாசலத்தில் மரமும் கல்லும் மாறி மாறி அடுக்கிய காத்-குணி வீட்டின் கீழ்த்தளத்தில் கால்நடைகளைக் கட்டும் வழக்கமும் இதற்குச் சான்றாகும். தமிழ்நாட்டில் வெயிலைத் தடுப்பதற்காக மாடித் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து பரப்பித் தட்டோடு பதிப்பதும் இதே வகையைச் சேர்ந்ததே. அங்கே தடுக்கப்படுவது வெளியிலிருந்து வரும் வெப்பம். இங்கே காக்கப்படுவது உள்ளிருக்கும் வெப்பம்.

இதன் அளவை ஒரு கணக்கினால் விளக்கலாம். மலைக் கிராமமொன்றில் 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 2.5 மீட்டர் உயரமுள்ள ஓர் அறை, நான்கு புறமும் வெளிக்காற்றுப் படுமாறு நிற்பதாகக் கொள்க. சுவர் சிமெண்ட் கட்டியாலும் கூரை கான்கிரீட்டாலும் ஆனவை. உள்ளே 15 டிகிரி, வெளியே உறைநிலைக்குக் கீழே 5 டிகிரி. ஆக வேறுபாடு 20 டிகிரி. ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு ஒரு சதுர மீட்டர்ப் பரப்பின் வழியே கடந்துசெல்லும் வெப்பம், இத்தகைய சுவரில் சுமார் 2.5 வாட், கூரையில் சுமார் 3.5 வாட், ஒற்றைக் கண்ணாடிச் சன்னலிலும் மெல்லிய கதவிலும் சுமார் 5 வாட். சுவரின் பரப்பு 40 சதுர மீட்டர், கூரை 20, கதவும் சன்னலும் சேர்ந்து 5. இடுக்குகளின் வழியே காற்றுடன் வெளியேறும் வெப்பம் டிகிரிக்கு 25 வாட் எனக் கொண்டால், மொத்த இழப்பு டிகிரிக்கு 220 வாட் ஆகும். 20 டிகிரி வேறுபாட்டுக்கு இது 4,400 வாட். தரையின் வழியே நேரும் இழப்பும், சுவர் தன்னுள் தேக்கி வைக்கும் வெப்பமும் எளிமை கருதி விடப்பட்டுள்ளன.

நாளொன்றுக்கு 10 மணி நேரம் கணப்பு எரிவதாகவும், அடுப்பின் திறன் 80 சதவீதம் எனவும் கொண்டால், அன்றாடம் சுமார் 11.5 கிலோ பெல்லட் வேண்டும். 120 நாள் குளிர்காலத்துக்கு ஏறத்தாழ 1.4 டன் ஆகிறது.

இப்போது கூரைக்கு மாத்திரம் 10 சென்டிமீட்டர் கனத்தில் உலர்ந்த காப்புப் பொருளைச் சேர்த்தால், கூரையின் இழப்பு சதுர மீட்டருக்கு 3.5 வாட்டிலிருந்து சுமார் 0.5 வாட்டாகக் குறையும். அன்றாடத் தேவை 11.5 கிலோவிலிருந்து 8.3 கிலோவாக இறங்கும். சுவருக்கு 5 சென்டிமீட்டர் உரோமக் காப்பும், சன்னலுக்கு இரட்டைக் கண்ணாடியும், கதவுக்கு அட்டையும் துணியும் கொண்ட கெட்டி மறைப்பும் அமைத்து, இடுக்குகளைப் பாதியளவுக்கேனும் அடைத்தால், மொத்த இழப்பு டிகிரிக்குச் சுமார் 61 வாட் என்னும் அளவுக்குச் சுருங்கும். அப்போது நாளொன்றுக்குச் சுமார் 3.2 கிலோ போதும். குளிர்காலம் முழுவதற்கும் 400 கிலோவுக்கும் குறைவே ஆகும்.

நடைமுறையில் இவ்வளவு சேமிப்புக் கிட்டுவதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். குளிரில் நடுங்கிய குடும்பம், வீடு எளிதில் சூடேறுவதைக் கண்டதும் 15 டிகிரியோடு நிறுத்திக்கொள்ளாது. கணப்பை இன்னும் நெடுநேரம் எரிக்கும். மூடிக் கிடந்த மற்றோர் அறையையும் திறக்கும். இதனைத் தோல்வி என்று கருதுவது தவறு. குழந்தை படிக்க ஓர் அறையும் முதியவர் உறங்க ஓர் அறையும் வெதுவெதுப்பாகக் கிடைத்தால், அதுவும் காப்பின் பயனே. 10 மணி நேரத்துக்குப் பதிலாக 15 மணி நேரம் எரித்தாலும் அன்றாடச் செலவு 5 கிலோவைத் தாண்டுவதில்லை.

காப்பை முதலிலும் அடுப்பைப் பின்னரும் வைக்க வேண்டும் என்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. காப்பற்ற வீட்டைக் கணக்கிட்டு 5 கிலோவாட் அடுப்பை வாங்கிய குடும்பம், பின்னர் வீட்டைச் செப்பனிட்டால், அவ்வடுப்பு அளவுக்கு மீறியதாகிவிடும். பெல்லட் அடுப்பு ஒரு குறைந்த அளவுக்குக் கீழே சீராக எரிய இயலாது. ஆதலின் அடிக்கடி அணைந்து மீண்டும் பற்ற நேரிடும். புகையும் கரியும் மிகுவது பற்றும் வேளையிலேதான். வாங்கிய பொருளும் வீண், எதிர்பார்த்த தூய்மையும் வீண் என்றாகும். முதலிலேயே காப்பிட்ட வீட்டுக்குச் சிறிய அடுப்பு போதும். அதன் விலையும் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

மின்சாரத்தையும் மறத்தலாகாது. பெல்லட்டைத் தள்ளும் திருகும் காற்று விசிறியும் பெரும்பாலான அடுப்புகளில் மின்சாரத்தாலேயே இயங்குகின்றன. பனிப்புயலில் மின்கம்பி அறுந்தால் அடுப்பும் நின்றுபோகும். அவ்வேளையில் காப்பிட்ட வீடு மெல்லக் குளிரும். காப்பற்ற வீடு விரைவில் உறையும். சேமிப்பிடமும் கருதத் தக்கது. 1.4 டன் பெல்லட்டுக்கு 2 கன மீட்டருக்கு மேல் உலர்ந்த இடம் வேண்டும். நீர் பட்டால் பெல்லட் உப்பித் தூளாகிவிடும். 400 கிலோவையோ ஒரு மூலையில் அடக்கிவிடலாம்.

விலையைப் பற்றியும் ஒரு படிப்பினை உண்டு. 2022இல் உக்ரைன் போர் தொடங்கியபின், ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யாவிலிருந்து மரப்பொருள்களின் இறக்குமதியைத் தடை செய்தது. பல நாடுகளில் பெல்லட்டின் விலை கடுமையாக ஏறியது. இந்தியாவில் அனல் மின் நிலையங்கள் நிலக்கரியுடன் பயிர்க்கழிவுப் பெல்லட்டைக் கலந்து எரிக்க வேண்டும் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2021இல் கொள்கை வகுத்தது. ஆக, மலைக் கிராமத்தின் கணப்பும் பெரும் மின் நிலையமும் ஒரே வகை எரிபொருளை நாடும் காலம் வரலாம். அப்போது விலையேற்றத்தைத் தாங்க வல்லது, குறைவாக எரிக்கும் வீடே.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. அடுப்பை ஒரே நாளில் வழங்கிவிடலாம். வீட்டைச் செப்பனிடப் பொருளும் கைத்திறனும் காலமும் வேண்டும். அடுப்பங்கரைப் புகை பெண்களின் நுரையீரலை இன்றே கெடுக்கிறது. அவர்களைக் காத்திருக்கச் சொல்வது நியாயமாகுமா? இவ்வாதம் தள்ளத்தக்கதன்று. புகைபோக்கி இல்லாத அடுப்பு எரியும் வீட்டில் புகையை வெளியேற்றும் வேலையே முதலாவது. ஆயினும் புகைபோக்கி அமைப்பதற்கும், விலையுயர்ந்த பெல்லட் அடுப்பை மானியத்தில் வழங்குவதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. பின்னதற்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியைக் கூரைக்கு ஒதுக்குவதே கோரப்படுவது.

சட்டமும் இத்திசையில் பாதி தூரமே வந்துள்ளது. 2018இல் வெளியான எக்கோ நிவாஸ் சம்ஹிதாவின் முதற்பகுதி, குளிர் மண்டல வீடுகளின் சுவர், சன்னல் முதலிய புற உறைக்குச் சதுர மீட்டருக்கும் டிகிரிக்கும் 1.8 வாட், கூரைக்கு 1.2 வாட் என மேலெல்லை விதித்தது. ஆனால் அது 500 சதுர மீட்டரும் அதற்கு மேலுமுள்ள மனைகளில் எழும் கட்டடங்களுக்கே வகுக்கப்பட்டது. மலைக் கிராமத்தின் சிறு வீடு அவ்வெல்லைக்குள் வருவதில்லை. அரசின் உதவியோடு கட்டப்படும் ஊரக வீடுகளில், கட்டும்போதே கூரைக் காப்பையும் சேர்த்துவிட்டால் செலவு குறையும். பின்னர் பெயர்த்துச் செய்வதற்கோ பன்மடங்கு ஆகும்.

காப்பிடும் வேலையில் எச்சரிக்கையும் தேவை. இமயமலை நில நடுக்கத்துக்கு உட்பட்டது. ஆதலின் கூரைமேல் மண்ணைக் குவிக்காமல் இலேசான பொருளையே தேர்தல் வேண்டும். புகைபோக்கியைச் சுற்றி வைக்கோலோ மரத்தூளோ தொடலாகாது. இடுக்குகளையெல்லாம் அடைத்த அறையில், அடுப்புக்கு வேண்டிய காற்று தனிக் குழாய் வழியே வருதல் வேண்டும். அன்றேல் மணமற்ற கார்பன் மோனாக்சைடு வாயு உறங்குவோரைக் கொன்றுவிடும். மூடிய கிடங்கில் குவித்த பெல்லட்டிலிருந்தும் இவ்வாயு வெளிப்படக்கூடும். ஐரோப்பாவில் இதனால் உயிரிழப்பு நேர்ந்ததுண்டு. ஆதலின் கிடங்கைக் காற்றோட்டமாக வைத்தல் இன்றியமையாதது.

களப் பணியாளர் ஒரு வீட்டுக்குச் சென்றதும் அடுப்பைப் பார்க்குமுன் கூரையைப் பார்ப்பது நலம். பனி பெய்த மறுநாள் காலை, வெயில் ஏறுமுன், எந்த வீட்டுக் கூரையில் பனி முதலில் உருகுகிறதோ, அவ்வீட்டில் வெப்பம் வீணாகிறது என அறியலாம். ஊதுவத்தியைக் கதவின் விளிம்பிலும் சன்னலின் ஓரத்திலும் பிடித்தால், புகை வளையுமிடத்தில் இடுக்கு இருப்பது தெரியும். ஆசிரியர்கள் வகுப்பறையிலேயே ஒரு சோதனை செய்துகாட்டலாம். ஒரே அளவான இரண்டு தகர டப்பாக்களில் வெந்நீர் நிரப்பி மூடி, ஒன்றைக் கம்பளியால் சுற்றிவிட்டு, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பமானியால் அளந்து குறிக்கச் செய்தால், எது முந்திக் குளிர்கிறது என்பதை மாணவர்கள் தாமே காண்பர். குளிர்ந்த டப்பாவை மீண்டும் பழைய நிலைக்குக் கொணர எவ்வளவு வெந்நீர் ஊற்ற வேண்டும் என்று கேட்டால், பெல்லட்டின் கணக்கு அவர்களுக்கு விளங்கிவிடும்.

மலைப் பெண்ணின் முதுகுச் சுமை குறைய வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. விறகுக்குப் பதில் பெல்லட் மூட்டையை அவள் சுமந்தால் சுமையின் பெயர் மாறும். கூரை செப்பனிடப்பட்டால் சுமையே குறையும்.