டில்லிக் குளிரும் சோம்பேறிப் பட்டமும்

டில்லியில் நம்மாட்களிடம் ஒரு பழக்கம். டிசம்பரில் வீட்டில் யாராவது தூங்கி வழிந்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால், "குளிர்ல வர்ற சோம்பேறித்தனம்" என்று முடித்துவிடுவது. எனக்கு இதில் உடன்பாடில்லை.

அமெரிக்காவில் நார்மன் ரோசந்தால் குழுவினர் 1984-லேயே இதை விவரித்துப் பெயரும் வைத்துவிட்டார்கள்: பருவகால மனச்சோர்வு. வட ஐரோப்பா மாதிரி இடங்களில்தான் அதிகம். அதற்காக இங்கே வராது என்றில்லை. குளிரை விட வெளிச்சக் குறைவுதான் இதில் முக்கியம். டிசம்பர் கடைசியில் சென்னையில் பகல் சுமார் 11 மணி 20 நிமிடம். டில்லியில் ஒரு மணி நேரம் குறைவு. இருப்பதிலும் மூடுபனியும் புகையும் பங்கு கேட்கும்!

ஆபீஸ் போகிற நமக்காவது வழியில் கொஞ்சம் வெயில் படும். ஊரிலிருந்து வந்து, ஹிந்தியும் தெரியாமல், கதவைச் சாத்திக்கொண்டு ஹீட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு?

மொட்டைமாடியில் வேர்க்கடலை உரித்தபடி வெயில் காயும் பஞ்சாபி மாமிகளைக் கேலி செய்யாதீர்கள். அம்மாவையும் அங்கே கூட்டிப் போங்கள். இரண்டு வாரமாகியும் சோர்வு விலகவில்லையா? டாக்டரிடம் காட்டுங்கள். 2022-ல் அரசு தொடங்கிய டெலி மானஸில் (14416) தமிழிலேயே பேசலாம், இலவசம்.

என்னவென்று டாக்டர் சொல்லட்டும். பட்டம் கொடுக்க நாம் யார்?