சுவரில் தொங்கும் படமும் தொழுகையின் திசையும்

எங்கள் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் வேலை நிமித்தம் நியூயார்க்கில் குடியேறிய புதிதில், பெரியவாப்பா அவருக்குக் கிப்லா குறித்துக் கொடுக்க முனைந்தார். சுவரில் தொங்கிய உலகப் படத்தில் அளவுகோலை வைத்து, அவ்வூரையும் மக்காவையும் ஒரு கோட்டால் இணைத்தார். கோடு கிழக்கே சென்று, தெற்கே சற்றுச் சாய்ந்தது. ஆனால், அங்குள்ள பள்ளிவாசலிலோ ஸஃப்புகள் வடகிழக்கை நோக்கி நின்றன. 'மக்கா தெற்கே இருக்க, வடக்கே திரும்பித் தொழுவதா?' என்று அவர் பல நாள் மனம் வருந்தினார். வட அமெரிக்க முஸ்லிம்களிடையேயும் இதே விவாதம் ஒரு காலத்தில் கடுமையாக நடந்ததுண்டு.

பிழை பள்ளிவாசலில் இல்லை, சுவரில் இருந்தது.

உருண்டையான பூமியைத் தட்டையான தாளில் விரிக்கும்போது வடிவம், பரப்பு, தொலைவு, திசை ஆகிய அனைத்தையும் ஒருசேரக் காப்பாற்ற எவராலும் இயலாது. ஆரஞ்சுத் தோலை உரித்து மேசையில் அழுத்திப் பார்த்தவருக்கு இது புரியும். நம் வீடுகளில் பரவலாகக் காணப்படும் படம், 1569இல் மெர்கேட்டர் என்பவர் மாலுமிகளுக்காக வகுத்த முறையைச் சார்ந்தது. திசைகாட்டி முள்ளை ஒரே கோணத்தில் வைத்துச் செல்லும் கப்பலின் பாதை அதில் நேர்கோடாக விழும். சிறு நிலப்பகுதிகளின் வடிவமும் கெடாது. அதற்கு ஈடாகப் பரப்பு பலியாகின்றது. ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ 14இல் ஒரு பங்கே உள்ள கிரீன்லாந்து, அப்படத்தில் அதற்கு இணையாகப் பெருத்து நிற்கும். பரப்பைச் சரியாகக் காட்டும் படங்களும் உண்டு; அவற்றில் வடிவங்கள் இழுபட்டோ நசுங்கியோ போகும்.

கிப்லா என்பது மாலுமியின் பாதையன்று. கஅபாவுக்குச் செல்லும் மிகக் குறுகிய வழி தொடங்கும் திசையையே வானவியல் அறிந்த நம் முன்னோர் கணக்கிட்டார்கள். கஸ்னா நகரின் கிப்லாவைத் துல்லியமாக அறியும் பொருட்டே அல்பிரூனி தம் 'தஹ்தீத்' நூலில் ஊர்களின் இருப்பிடங்களை அவ்வளவு பாடுபட்டு அளந்தார். ஈரானில் செய்யப்பட்ட பித்தளைத் தகடுகள் சில கிடைத்துள்ளன. மக்காவை நடுவில் வைத்துக் கோடுகள் கீறப்பட்ட அவற்றில், சுழலும் அளவுகோலை நம் ஊரின்மேல் நிறுத்தினால் போதும். திசை, தொலைவு இரண்டும் தெரிந்துவிடும். 1909இல் எகிப்தில் பணியாற்றிய கிரெய்க் என்னும் நில அளவையாளரும் இதே நோக்கில் ஒரு படமுறையை வகுத்தார். நாடுகளின் வடிவம் அதில் விகாரமாகத் தெரியும். ஆயினும், கேட்ட ஒன்றைச் சரியாகச் சொல்லும்.

இது அமெரிக்காவில் வாழ்வோரின் பிரச்சினை மட்டும்தானா? சென்னையிலிருந்து கிப்லா, மேற்கிலிருந்து வடக்கே ஏறத்தாழ 18 பாகை. சுவர்ப் படத்தில் கோடு போட்டால் 12 பாகைதான் வரும். இந்த வேறுபாடு தொழுகையைப் பாதிக்குமா என்பதை ஆலிம்களே கூற வேண்டும். மத்ஹபுகளுக்கிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. நான் சொல்ல வருவது வேறு. மக்தபில் பிள்ளைகளுக்குக் கிப்லாவின் சட்டங்களை மனனம் செய்விக்கிறோம்; ஆனால் அத்திசை எவ்வாறு அறியப்படுகின்றது என்று காட்டுவதில்லை. பின்னர் கைப்பேசிச் செயலி ஒரு திசையும் சுவர்ப் படம் வேறொரு திசையும் காட்டும்போது, குழம்பிய பிள்ளைகள் சண்டையிடுகின்றார்கள். அல்லது ஏதோ ஒன்றைக் கண்ணை மூடி நம்புகின்றார்கள். மிஹ்ராபை அலங்கரிக்க ஆகும் செலவில் மிகச் சிறு பகுதி போதும், ஒவ்வொரு மக்தபிலும் ஓர் உலக உருண்டை வாங்கி வைக்க.

பெரியவாப்பாவின் மனக்குறையையும் ஓர் உருண்டைதான் தீர்த்தது. நூலின் ஒரு முனையை நியூயார்க்கிலும் மறுமுனையை மக்காவிலும் வைத்து இறுக இழுத்தோம். அது வடகிழக்கே எழுந்து நியூபவுண்ட்லாந்தைத் தொட்டு, அட்லாண்டிக்கைக் கடந்து, பிரான்சு, மத்தியதரைக் கடல், எகிப்து வழியாக இறங்கியது. அவர் நூலை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார். அன்று மஃரிபுக்குப் பின் பேரனைத் தொலைபேசியில் அழைத்து, "ஜமாஅத்தோடே நில்லு வாப்பா" என்றார்.