அன்று இடமில்லை, இன்று என்ன குறை?



போன வாரம் நம் பத்தாம் வகுப்பு குரூப்பில் ஒரு தம்பி எழுதியிருந்தார்: "தமிழுக்கு 247 எழுத்து சார், மெஷினுக்குச் சரிப்படாது. தந்தியும் டெலக்ஸும் அதனால்தான் இங்கிலீஷில் ஓடின. நாங்களும் இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் எழுதுகிறோம், என்ன தப்பு?" முப்பது பேர் கை தட்டியிருக்கிறீர்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

முதலில் மெஷின் எப்படி ஓடியது என்று தெரிந்துகொள்ளுங்கள். துறைமுகத்துக் கப்பல் ஏஜென்சி ஆபீஸில் டெலக்ஸ் அடிப்பவர் நேராக லைனில் அடிக்க மாட்டார். லைனில் இருக்கும் நேரத்துக்குக் காசு. முதலில் காகித நாடாவில் துளை போடுவார். ஓர் எழுத்துக்கு ஒரு வரிசை, வரிசைக்கு ஐந்து இடம். துளை உண்டு, இல்லை என்ற இரண்டே நிலை. நடுவில் நாடாவை இழுக்கச் சின்னத் துளைகள் தனி. தப்பாக அடித்துவிட்டால் நாடாவைப் பின்னால் தள்ளி, அந்த இடத்தில் ஐந்து துளையும் போட்டுவிடுவார். அந்த வரிசையில் எதிர்முனையில் ஒன்றும் அச்சாகாது. எல்லாம் சரிபார்த்த பிறகே லைன் பிடித்து நாடாவை ஓடவிடுவார். நிமிஷத்துக்கு சுமார் 66 சொல், கை தடுமாறாமல் போகும்.

ஐந்து இடத்தில் 32 சேர்க்கைதான் கிடைக்கும். 26 ஆங்கில எழுத்து போட்டால் எண்ணுக்கு இடமில்லை. அதனால் எழுத்துக்கு ஒரு மாற்றுச்சாவி, எண்ணுக்கு ஒன்று என்று வைத்து அதே துளைகளை இரண்டு தடவை பயன்படுத்தினார்கள். ஆக, ஆங்கிலமே அதில் நெருக்கியடித்துத்தான் உட்கார்ந்தது. சின்ன எழுத்துக்குக்கூட இடமில்லை!

இப்போது அந்த 247-க்கு வருகிறேன். 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஒரு ஆய்தம். 247 சாவி யார் கேட்டது? தமிழ்த் தட்டச்சு மெஷின் உயிர், மெய், துணையெழுத்து, புள்ளி என்று பிரித்து ஒரு சாதாரணப் பலகையில் அடக்கியது. உகர, ஊகார வரிசைகள் கொஞ்சம் படுத்தும், உண்மை. ஆனால் இடம் போதாவிட்டால் வழி இருந்தது. ஐந்திலும் துளையே இல்லாத சேர்க்கை சும்மா கிடந்தது. சோவியத்து நாட்டில் அதையே மூன்றாவது மாற்றுச்சாவியாக்கி ரஷ்ய எழுத்தை ஓட்டினார்கள். இந்திக்குத் தேவநாகரி டெலிபிரிண்டர் வந்தது. இந்துஸ்தான் டெலிபிரிண்டர்ஸ் 1960-இல் தொடங்கப்பட்டது எங்கே? நம் சென்னை கிண்டியில்! குறை எழுத்தில் இல்லை, மக்கா. யாருக்காகச் செய்வது என்ற முடிவில் இருந்தது.

அதன் விலையைக் கொடுத்தது யார்? கொழும்புக்குத் தோணியில் போனவனின் பெண்டாட்டி. தந்தி வந்தாலே வாசலில் அழுகை தொடங்கிவிடும், உள்ளே இருப்பது "சுகம்" என்ற ஒரு சொல்லாக இருந்தாலும். நாடா நாடாவாக ஒட்டிய ஆங்கிலப் பெரிய எழுத்தைப் படிக்க வாத்தியார் வீட்டுக்கு ஓடி வர வேண்டும். நானே எத்தனை படித்துச் சொல்லியிருக்கிறேன்! தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அனுப்பியிருந்தால் இன்னும் மோசம். வி, ஏ, எல், ஐ என்று நான்கு எழுத்து இருந்தால் அது வலியா, வழியா, வாளியா?

அவர்களுக்கு வேறு வழியில்லை. உங்களுக்கு? 1991-இல் வந்த முதல் யூனிகோடிலேயே தமிழுக்கு 128 இடம் ஒதுக்கியாயிற்று. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான இடம் இன்னும் காலியாகக் கிடக்கிறது. லைனுக்குக் காசில்லை, சொல்லுக்குக் காசில்லை. தந்தியே 2013 ஜூலையில் மூடப்பட்டது. நீங்கள் இன்னும் தந்தி எழுத்திலேயே அம்மாவுக்கு எழுதுகிறீர்கள். அதைப் படிக்க அந்த அம்மா பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடுகிறாள்.

வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி வரும் எதற்கும் நான் பதில் போடப்போவதில்லை, பிறந்தநாள் வாழ்த்து உட்பட. போனில் தமிழ் விசைப்பலகை வைக்கத் தெரியாதவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் வீட்டுக்கு வாருங்கள். காப்பி உண்டு.