ஆறு இருந்தால் ஆயிற்றா?

ஒலிம்பிக் வந்துவிட்டால் தஞ்சை, கும்பகோணம் டீக்கடைகளில் இந்தப் பேச்சும் கூடவே வந்துவிடும். "இத்தனை ஆறு பாயுற சீமை. துடுப்புப் படகுப் போட்டிக்கு ஒரு பயலாவது போனானா?" தண்ணீர் உள்ள ஊரில் படகு வீரர் தானாக முளைப்பார், முளைக்காதது நம் பிள்ளைகளின் சோம்பல் என்பதுதான் இதன் உட்பொருள். கேட்க நன்றாக இருக்கிறது. நடந்த கதையோ வேறு.

தத்து போகனல் மகாராஷ்டிரத்தின் நாசிக் மாவட்டத்துக்காரர். அவர் ஊர் இருப்பது வறட்சிக்குப் பேர்போன பகுதியில். அப்பாவோடு சேர்ந்து கிணறு வெட்டியவர். 2012-ல் ராணுவத்தில் சேர்ந்த பிறகுதான் போட்டிப் படகையே தொட்டார். அப்போது அவருக்குத் தண்ணீர் என்றாலே பயம். நான்கே ஆண்டில், 2016 ரியோ ஒலிம்பிக்கில், ஒற்றையர் படகில் 13-ஆம் இடம். ஆசிய விளையாட்டுத் துடுப்புப் படகுப் போட்டியில் இந்தியாவுக்கு முதல் தங்கம் வாங்கித் தந்த பஜ்ரங் லால் தாகர் (குவாங்சோ, 2010) ராஜஸ்தானின் சீகர்காரர். 2024 பாரிஸுக்குப் போன பல்ராஜ் பன்வாரின் ஊர் ஹரியானாவின் கர்னால். மூவரும் ராணுவத்தால் உருவானவர்கள். அவர்களுக்கு வாய்த்தது ஆறு இல்லை. படகு, பயிற்சியாளர், வேளாவேளைக்குச் சாப்பாடு, மாதச் சம்பளம்.

உடனே கேரளத்தின் குட்டநாட்டு வள்ளப் போட்டியைக் காட்டி மடக்குவார்கள். வள்ளம் ஓட்டுகிறவர் முன்னே பார்த்து உட்கார்ந்து, கையில் பிடித்த துடுப்பைப் போடுகிறார். ஒலிம்பிக் துடுப்பு வீரர் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, படகோடு பூட்டிய துடுப்பை இழுக்கிறார். இரண்டும் வெவ்வேறு கலை. அதே பக்கத்தில், ஆலப்புழையில், இந்திய விளையாட்டு ஆணையத்தின் பயிற்சி மையம் இருப்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

சரி, நம் ஆற்றுக்கு வருவோம். மேட்டூர் அணைத் திறப்பு ஜூன் 12, அடைப்பு ஜனவரி 28 என்பது ஏட்டுக் கணக்கு. அந்தத் தேதியில் திறக்காத ஆண்டுகளை டெல்டா விவசாயியிடம் கேட்டால் விரல் மடக்கிச் சொல்வார். திறந்த பிறகும் கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பங்கு பிரித்து, பல ஆண்டுகளில் முறை வைத்துத்தான் விடுகிறார்கள். போட்டித் தடத்துக்கோ 2000 மீட்டர் நேர்கோட்டு நீர் வேண்டும்; ஓட்டம் கூடாது, ஏனென்றால் ஒரு தடத்தில் வேகம் கூடினாலும் போட்டி கெட்டுவிடும். தடம் ஒன்றுக்கு 13.5 மீட்டர், ஆறு தடத்துக்கு 81 மீட்டர் அகலம். லாங் பீச்சில் நீளம் போதாமல் 2028 ஒலிம்பிக்கிலேயே தூரத்தை 1500 மீட்டராகக் குறைத்திருக்கிறார்கள். கொள்ளிடத்தில் அகலத்துக்குக் குறைவில்லை. ஆனால் மணல் அல்லது வெள்ளம், நடுவாந்தரம் அபூர்வம். நீண்டு கிடக்கும் வீராணம்தான் கொஞ்சம் ஆசை காட்டுகிறது. அதுவும் பாசனத்துக்கும் சென்னையின் குடிநீருக்கும் போக, கோடையில் வற்றிவிடும் ஏரி.

"வயல்ல காய்ச்ச உடம்பு, அது போதாதா?" நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடும் பெண்களின் இடுப்புத் தெம்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் துடுப்பு கை வேலை மட்டுமில்லை. சறுக்கும் இருக்கையில் முழங்காலை மடக்கி, பாதப் பலகையை உதைத்துத் தள்ளும்போது கால்தான் படகை நகர்த்துகிறது. அப்புறம்தான் முதுகு, கடைசியில் கை. ஒற்றையர் படகின் எடை 14 கிலோதான், நீளமோ எட்டு மீட்டருக்கு மேல். கொஞ்சம் சாய்ந்தாலும் கவிழும். ஏழு நிமிடப் பந்தயத்துக்காக ஆண்டுக்கணக்கில், காற்று எழும்பாத விடியலில், மெதுவேகத்தில் கிலோமீட்டர் கணக்காக ஓட்டுகிறார்கள். உள்ளங்கை கொப்புளம் உடைந்து, காய்த்து, மறுபடி உடையும். மிச்ச நேரத்தில் எர்கோமீட்டர் எனும் இழுவை இயந்திரம். 2018 ஜகார்த்தா-பாலெம்பாங் ஆசியப் போட்டியில் உடல்நிலை சரியில்லாமல் ஒற்றையர் இறுதியில் தத்து கடைசியாக வந்தார். மறுநாளே நால்வர் படகில் ஏறி, ஸ்வரன் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங்கோடு தங்கம் வென்றார். இது வயல் தந்த பலமில்லை, பழக்கி ஏற்றிய பலம்.

சின்ன வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டும் என்பதும் நிற்காது. பிரிட்டனில் 2007-ல், துடுப்பு உள்ளிட்ட சில விளையாட்டுகளுக்காக உயரமானவர்களைத் தேடி ஒரு தேர்வு நடத்தினார்கள். அதில் தேறிய ஹெலன் குளோவர் 2008-ல் கற்கத் தொடங்கி 2012 லண்டனில் தங்கம் வாங்கினார். பாரிஸில் ஒற்றையர் தங்கம் வென்ற ஜெர்மானியர் ஆலிவர் ஸைட்லர் 2016 வரை நீச்சல் வீரர்.

பணக்காரர் விளையாட்டு என்ற குறையில் மட்டும் பாதி உண்மை உண்டு. 1867-ல் தொடங்கிய மெட்ராஸ் போட் கிளப் நெடுங்காலம் வெள்ளைக்காரர்களுக்கானதாகவே இருந்தது. படகின் விலையும் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாது. அதனால்தான் அரசு வர வேண்டும்.

அரசு இதைத் தொடங்குவதற்கு ஆறு தேவையில்லை. தஞ்சை அன்னை சத்யா விளையாட்டரங்கில் நாலு இழுவை இயந்திரம் போட்டால் போதும். உடற்கல்வி ஆசிரியர்களே, வகுப்பில் உயரமாக, நீண்ட கையோடு கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை, பெண் பிள்ளைகளையும் சேர்த்து, அதில் உட்காரவைத்துப் பாருங்கள். தேறுகிறவர்களைத் தண்ணீரும் படகும் பயிற்சியாளரும் இருக்கும் இடத்துக்கு அனுப்பிவைப்பது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பு.